அந்தப் பட்டியலைக் கொடுத்தவள் நான்

என்னிடம் படித்த பெண்பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், அப்பாவின் தொழில், வீட்டு போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி விற்றிருக்கிறேன். வாங்கியவர் ஒரு நர்சிங் பயிற்சி நிலையத்துக்குப் பிள்ளை பிடித்துக் கொடுக்கும் ஆள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்திய ஆசிரியை. ஒரு பிள்ளை சேர்ந்தால் எனக்கு இரண்டாயிரம் ரூபாய். அவர் பள்ளிக்கூடத்துக்குள் பணம் தரமாட்டார். சாயங்காலம் நான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பைக்கை ஓரம் கட்டி, "டீச்சருக்கு ஒரு பத்திரிகைங்க" என்று உறையை நீட்டுவார். நானும் கல்யாணப் பத்திரிகை வாங்குவதுபோலவே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வேன்.

2023-ல் ஓய்வு பெற்றேன். மாதாமாதம் பென்ஷன் வருகிறது. ஊரில் இன்றைக்கும் மரியாதை இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் பழைய மாணவிகள் எழுந்து இடம் தருகிறார்கள். இந்த விஷயத்தில் என்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

எங்கள் பள்ளி ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், சாலையின் இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள் நீளும் ஊர்களில் ஒன்றில் இருக்கிறது. பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்கள், லாரி கிளீனர்கள், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் எங்களிடம் வந்தார்கள். இதே நாமக்கல் மாவட்டத்தில்தான் டாக்டர் சீட்டையே குறியாக வைத்த விடுதிப் பள்ளிகளும் இருந்தன. நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்று ஆனபிறகு தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடவே மாட்டார்கள். இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப உருப்போட வைப்பார்கள். 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் அரசுப் பொதுத்தேர்வு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இது தப்பு என்று ஆசிரியர் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். பேசிக்கொண்டே என் மகனையும் அப்படியொரு பள்ளியில் சேர்த்தேன்.

உறை வாங்கத் தொடங்கியது அந்த வருடங்களில்தான். விடுதிக் கட்டணம் என் சம்பளத்தைத் தின்றது உண்மை. ஆனால் மகனுக்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மருத்துவக் கட்-ஆஃப் எட்டாமல் 2012-ல் அவன் கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனான். கட்டணச் சுமை பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகும் வாங்கினேன். பழகிவிட்டது. மே மாதம் ரிசல்ட் வந்தால் ஜூனில் உறை வரும் என்று மனம் கணக்குப் போட்டுவைத்திருந்தது.

பணத்தைவிடப் பெரிய குற்றம் ஒன்று இதற்கு அடியில் கிடக்கிறது. நான் நர்சிங்கை ஒரு படிப்பாகவே மதிக்கவில்லை. டாக்டர் ஆக முடியாதவள் நர்ஸ் ஆகிறாள் என்பதுதான் என் மனதில் இருந்தது. வகுப்பில், "டாக்டர் ஆகணும்னு யாருக்கு ஆசை?" என்று கேட்பேன். நாலைந்து கை உயரும். அவர்களுக்கு மாதிரி வினாத்தாள், தனி வகுப்பு எல்லாம் உண்டு. "நர்சிங்தான் மிஸ்" என்று யாராவது சொன்னால், "அதுக்கென்ன கண்ணு, எங்க வேணாலும் சேரலாம்" என்று தாண்டிப் போய்விடுவேன். எங்கே வேண்டுமானாலும் சேரக்கூடிய படிப்பு அல்ல அது. எங்கே சேர்கிறோம் என்பதில்தான் அந்தப் பிள்ளையின் ஆயுசு முழுவதும் அடங்கியிருக்கிறது. மனித உடலைப் பாடமாக நடத்திய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை.

மெனக்கெட்டிருந்தால் ஒரு பீரியடில் சொல்லி முடித்திருப்பேன். நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். டிப்ளமோ, அதாவது ஜி.என்.எம்., அப்போது மூன்றரை வருடம். 2015-க்குப் பிறகு பாடத்திட்டம் மாறி மூன்று வருடமானது. டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு 40 சதவீதம், வயது 17-லிருந்து 35-க்குள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த நர்சிங் பள்ளிகளில் இந்த டிப்ளமோ பெண்களுக்கு உண்டு. நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும்தான் கணக்கு. கட்டணம் பெயருக்குத்தான். படிக்கும்போதே மாதம் ஒரு உதவித்தொகையும் தருகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு டவுன் பஸ், ஒரு மாறு பஸ். விண்ணப்ப அறிவிப்பு நாளிதழில் வரும். அந்த நாளிதழ் எங்கள் ஸ்டாஃப் ரூம் மேஜையில் தினமும் கிடந்தது.

டிப்ளமோ முடித்தவளும் பி.எஸ்சி. முடித்தவளும் ஒரே மாநில கவுன்சிலில்தான் பதிவு செய்கிறார்கள். இரண்டு பேரும் பதிவுபெற்ற நர்ஸ், பதிவுபெற்ற மிட்வைஃப். டிப்ளமோக்காரி பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்துப் பட்டமும் வாங்கலாம். அரசு வேலை, வெளிநாட்டு வேலை, மேல்படிப்பு எல்லாவற்றுக்கும் சாவி அந்தப் பதிவு எண். அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது. எந்தப் பள்ளியில் படித்தால் பதிவு கிடைக்கும் என்ற பட்டியல் கவுன்சிலில் இருக்கிறது. "உங்க சர்டிபிகேட்டை கவுன்சில்ல பதியலாமா?" என்று அந்தப் புரோக்கரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரு வருடமும் நான் அதைக் கேட்கவில்லை.

அவர் ஆள் சேர்த்த நிலையம் எது, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அதுபோலப் பல ஊர்களில் இருந்தன. கடைவீதி மாடியில் மூன்று அறை. சுவரில் எலும்புக்கூடு படம், ஒரு கட்டில், ஊசி போட்டுப் பழக ஒரு பொம்மை. வேறு மாநிலத்து டிரஸ்ட் ஒன்றின் பெயரில் சான்றிதழ். "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ, பாஸ் ஃபெயில் யாரும் சேரலாம், நூறு சதவீதம் வேலை" என்று நோட்டீஸ். காலையில் இரண்டு மணிநேரம் பாடம். மீதி நேரம் டிரெய்னிங் என்ற பெயரில் பிள்ளைகளைச் சுற்று வட்டாரத்து நர்சிங் ஹோம்களுக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் கொடுக்காமல் வேலைக்கு ஆள் கிடைப்பதால் அவர்களுக்கும் சந்தோஷம். வெள்ளைக் கோட்டு போட்டுப் பிள்ளை பஸ் ஏறுவதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களுக்கும் சந்தோஷம். ஏமாந்தது தெரியவே ஒரு வருடம் ஆகும். தெரியும்போது கட்டிய பணம் திரும்பாது.

2014-ல் நான் கொடுத்த பட்டியலில் ஏழாவதோ எட்டாவதோ பெயர் அவளுடையது. அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிறவர். அப்பா லாரியில் கிளீனராகப் போய் வடக்கே எங்கோ விபத்தில் இறந்துபோனார். அருந்ததியர் தெரு. அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்பது யாரோ சொல்லிக் கொடுத்த ஆசை இல்லை. பாட்டிக்குக் காலில் சர்க்கரைப் புண். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர் கட்டு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, பிறகு வீட்டில் இவளே மாற்றத் தொடங்கியிருக்கிறாள். இதயத்தின் நான்கு அறைகளை வரையச் சொன்னால் மற்ற பிள்ளைகள் புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைவார்கள். இவள் ரத்தம் போகும் வழியை முதலில் அம்புக்குறியாகப் போட்டுவிட்டுச் சுவர்களைப் பிறகு வரைவாள். உயிரியலில் 200-க்கு 168 எடுத்தாள்.

அந்த மதிப்பெண்ணுக்கு அரசு நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பிக்கத் தாராளமாக இடம் இருந்தது. அதோடு, 2009-லேயே பட்டியல் இனத்தவருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்துவிட்டது. அரசு ஊழியரான எனக்கு அந்த ஆணை தெரியும். ஸ்டாஃப் ரூமில் அதைப்பற்றிக் காரசாரமாகப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. "இனி நம்ம பிள்ளைங்க எங்க போறது" என்று பேசினேன். ஒதுக்கீட்டைக் குறைசொல்ல மட்டும் அதைத் தெரிந்துவைத்திருந்தேன். அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, "உனக்கு இப்படி ஒரு வழி இருக்கு, விண்ணப்பம் போடு" என்று சொல்ல அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. எல்லாவற்றிலும் எழுதக் கூசுவது இந்த வரிதான். மறதி என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மறந்திருக்க வேண்டும். என் தெருவில் இருக்கும், என் சாதிப் பிள்ளைகளுக்கு எந்தக் கோர்ஸுக்கு என்றைக்குக் கடைசி நாள் என்று வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அவள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பட்டியலிலிருந்து நம்பர் எடுத்து அந்த ஆள் முன்பே பேசியிருந்தார். முப்பத்தைந்தாயிரம் கேட்கிறார்களாம். "டீச்சரம்மா, நீங்க சொன்னா சேத்துறேன் சாமி" என்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்னை நீங்கள் என்றார். அந்த ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அன்றைக்கு எனக்கும் படவில்லை. "நல்ல இடம்தான், சேர்த்துவிடு" என்றேன். தோட்டை அடகு வைத்து, பண்ணை முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். அடுத்த வாரம் எனக்கு உறை வந்தது.

முதல் தப்பில் அலட்சியம் பாதி இருந்தது என்று யாராவது இரக்கப்பட்டு வாதாடலாம். அடுத்த வருடம் செய்ததற்கு அந்த இரக்கமும் வேண்டாம். 2015 ஏப்ரலில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸ் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அவள் டிரெய்னிங் போன ஆஸ்பத்திரியில் யாரோ நாளிதழைக் காட்டியிருக்கிறார்கள். கையில் சான்றிதழ் இருக்கிறது, அறிவிப்பும் வந்திருக்கிறது. அம்மாவும் மகளும் பள்ளிக்கு வந்தார்கள். அந்தச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதற்கு மேல் ஒரு துணிப்பை சுற்றிக் கொண்டுவந்திருந்தார் அம்மா. "இதை எங்கீங்க பதியறது?" என்று கேட்டார்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எந்தக் கவுன்சிலின் பெயரும் அதில் இல்லை. தங்க நிறத்தில் முத்திரை, இரண்டு கையெழுத்து, எங்கோ ஒரு டிரஸ்ட். அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது செல்லாது, நான் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், இந்த வருடமே டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போடு, வயது இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, இரண்டு மாதத்தில் அறிவிப்பு வரும் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பதினெட்டு வயதுதான். ஒரே ஒரு வருடம்தான் போயிருந்தது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் நல்ல இடம் என்று சொன்னீர்கள் என்பதாக இருக்கும். அதற்குப் பயந்தேன். "மெட்ராஸ்ல கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, அங்க போய்ப் பதிஞ்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

போனார்கள். ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போய் மயிலாப்பூரில் கவுன்சிலைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சான்றிதழைப் பதிய முடியாது என்று அங்கே உள்ளதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தபிறகு அம்மா மட்டும் என்னைப் பார்க்க வந்தார். கோபமாகக் கேட்பார் என்று நினைத்தேன். "எங்க தலையெழுத்துங்க டீச்சரம்மா, உங்களுக்கும் அலைச்சல் குடுத்துட்டோம்" என்றார். நானும், "காலம் அப்படி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மாடி அறைக்காரர்கள்மேல் போலீஸில் புகார் கொடுக்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. புகார் என்று போனால் என் பெயரும் வரும்.

அந்த வருடமே எங்கள் பள்ளியில் அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த ஒரு பெண்ணுக்கு, அதே ஒதுக்கீட்டில், அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. அவளுக்கு வழி சொன்னது ஒரு பஸ் கண்டக்டர், அவளுடைய மாமா. பிரேயரில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கைதட்டினோம். தலைமை ஆசிரியர் என்னையும் பாராட்டினார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

மனம் தனக்குச் சாதகமான சாட்சியைத் தேடிக்கொண்டே இருக்கும் என்பதை அதற்குப்பின் வந்த வருடங்களில் கண்டேன். 2015-ல் அறிவித்த அந்தத் தேர்வில் தேறி வந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்து போராடியதை டிவியில் பார்த்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அரசு நர்ஸுக்கே இந்தக் கதிதானே, அவள் போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கப் போகிறது என்று நினைத்தேன். அடுத்தவர் கஷ்டத்தில் என் குற்றத்தைக் கரைக்கப் பார்த்தேன். போராட அவர்களுக்கு ஒரு பதிவு எண் இருந்தது, சங்கம் இருந்தது, கோரிக்கை வைக்க ஒரு அரசு இருந்தது. அவளுக்கு அந்த வரிசையில் நிற்கவே உரிமை இல்லாமல் செய்தவள் நான். 2020-ல் கொரோனா வந்தபோது அரசு அவசரம் அவசரமாகத் தற்காலிக நர்ஸ்களை எடுத்தது. அப்போதும் பதிவு கேட்டார்கள்.

உறை வாங்குவதை எப்போது நிறுத்தினாய் என்று கேட்பீர்கள். நான் நிறுத்தவில்லை. அந்த ஆள் வருவது நின்றது. நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் தொடர்ந்து வந்திருந்தால் தொடர்ந்து வாங்கியிருப்பேனா? வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார வைத்தது என் மருமகள். மகன் டெக்சாஸில் வேலையில் இருக்கிறான். மருமகள் இங்கே இன்ஜினியரிங் முடித்தவள். அங்கே போனபிறகு நர்சிங் படிக்கப் போவதாகப் போனில் சொன்னாள். அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு வருடத்தில் நர்சிங்கில் அசோசியேட் டிகிரி கொடுக்கிறார்கள். சேருவது சுலபமில்லை. அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி பாடங்களை முன்கூட்டியே படித்து நல்ல கிரேடு எடுக்க வேண்டும். டீஸ் என்று ஒரு நுழைவுத் தேர்வு. இவற்றைக் கூட்டித்தான் இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை வந்தபோது, மில்ட்ரெட் மான்டாக் என்ற பேராசிரியை 1951-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் எழுதிய ஆய்வேட்டிலிருந்து பிறந்த திட்டம் அது என்று மருமகள் சொன்னாள். இரண்டு வருடம் படித்தவளும் நான்கு வருடம் படித்தவளும் எழுதுகிற லைசென்ஸ் தேர்வு ஒன்றுதான். நம் ஊர் டிப்ளமோவும் பி.எஸ்சி.யும் ஒரே பதிவில் போய்ச் சேருவதுபோல.

"ரொம்ப நல்ல படிப்பும்மா" என்றேன். அந்த வார்த்தை வாயில் இருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதே படிப்புதான். டாலரில் சம்பளம் வருகிறது, படிப்பவள் என் வீட்டுப் பெண் என்பதால் அது நல்ல படிப்பாகிவிட்டது. ராத்திரி வீடியோ காலில் அவளுக்கு இதயமும் சிறுநீரகமும் நடத்துகிறேன். கேள்வி கேட்டு மடக்குகிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது, எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று அவளைத் துளைத்தெடுக்கிறேன். "அங்கீகாரம் இருக்கான்னு நல்லா விசாரிச்சியாம்மா?" என்று நான் கேட்ட ஒரு ராத்திரி அதற்குமேல் பேச வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

போன தை மாதம் அந்த மாணவியைத் தேடிப் போனேன். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. புருஷன் தறிக்குப் போகிறார். அவள் இன்னும் அதே மாதிரி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறாள். ஊரில் எல்லோரும் நர்ஸம்மா என்கிறார்கள். ஊசி போடுகிறாள், டிரிப் ஏற்றுகிறாள், பிரசவம் பார்க்கிறாள். ராத்திரி ஷிப்டில் டாக்டர் வீட்டில் தூங்குவார், இவளும் இவளைப்போல இன்னொரு பெண்ணும்தான் வார்டில். மாதம் பத்தாயிரத்துக்குள். "பயமா இருக்கும்ங்க டீச்சர். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்குப் படிப்பே இல்லைன்னு என்னையத்தான் முதல்ல கை காட்டுவாங்க" என்றாள். பதினோரு வருட அனுபவம் அவளுக்கு. அதில் ஒரு நாளைக்கூட எந்த விண்ணப்பத்திலும் எழுத முடியாது.

நான் உறை வாங்கியதைச் சொன்னேன். வார்த்தை தடுமாறித்தான் வந்தது. அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். முகம் மாறவில்லை.

"தெரியுங்க டீச்சர். ஃபீஸ் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லி அம்மா கெஞ்சுனப்போ அந்த ஆளு என்னையத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாரு. உங்க டீச்சருக்கும் இதுலதான் குடுக்கணும், கொறைக்க முடியாதுன்னு. அம்மாகிட்ட நான் சொல்லலீங்க."

அப்படியானால் மயிலாப்பூர் போவதற்கு முன்பு என் எதிரில் நின்றபோதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வயதில் அதைத் தெரிந்துகொண்டே என்னை டீச்சர் என்று கூப்பிட்டிருக்கிறாள். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எதுக்கு ஆகும்? அது இன்னைக்கும் உங்களைப் பத்திப் பெருமையாத்தான் பேசும். அதையும் எதுக்குப் புடுங்கறதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

இப்போதும் வயது தாண்டவில்லை, 35 வரை டிப்ளமோவில் சேரலாம், நான் கட்டுகிறேன் என்றேன். அவள் தலையாட்டவில்லை. மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் குடும்பம் எப்படி ஓடும், குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. பணம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்துப் போனதும் என் பழைய புத்திதான். கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்திருக்கிறேன். கிளம்பும்போது அவளே ஒன்று கேட்டாள். அவள் அக்கா மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. அவளும் நர்சிங்தான் என்கிறாளாம். "எங்க, எப்படி எழுதிப் போடறதுன்னு ஒரு தாள்ல தெளிவா எழுதிக் குடுங்க. நான் விசாரிச்சுக்கறேன்" என்றாள்.

நான் விசாரிச்சுக்கறேன் என்ற சொல்லை அவள் அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். இனி என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மரியாதை குறையாமல் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். அரசு நர்சிங் பள்ளி டிப்ளமோ, தேர்வுக் குழுவின் ஆன்லைன் விண்ணப்பம், என்னென்ன சான்றிதழ், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், எல்லாம் எழுதினேன். தனியார் பள்ளி என்றால் கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டும் என்று கீழே கோடு போட்டு எழுதினேன். 2014-ல் எழுதிய பட்டியலும் இதுபோல ஒரு முழுநீளத் தாள்தான். அதை எழுத எடுத்த நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

மற்றப் பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருக்கிறேன். என் பட்டியல்களில் எத்தனை பெயர் இருந்தது என்று சரியாக நினைவில்லை. ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். இன்னொருத்தி மருந்துக் கடையில். ஒருத்தியின் வீட்டில் என்னை உள்ளே கூப்பிடவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கும் போல.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். பெயரை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஊரின் பெயரையும் எடுத்தேன். என் பெயர் இருக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அது உங்க இஷ்டங்க, ஆனா அம்மாவுக்கு இது அச்சுல வர்றதுக்கு முன்னாடி தெரியணும்" என்றாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளைப் படிக்கச் சொல்வது நியாயமில்லை. அது நான் செய்ய வேண்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் அவருக்கு மத்தியானம் வரைதான் வேலை. அதற்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை அவரை நீங்கள் என்று கூப்பிட்டுத்தான் படிக்கத் தொடங்க வேண்டும்.